எத்தனை இழையில் முடியும் இந்தக் கோலம்?

தருமபுரியிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக் கொண்டிருப்பதால் ஊரோடு நிறுத்திக் கொள்கிறேன். கடிதம் நீளமானது. சாரத்தை மட்டும் தருகிறேன்.

"என் மகள் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். மற்றப் பாடங்களில் குறை சொல்வதற்கில்லை. கணக்கு என்றால்தான் முகம் சுருங்கி விடுகிறது. இப்போது மீப்பெரு பொதுக் காரணி என்று ஒரு பாடம் வந்திருக்கிறது. இரண்டு எண்களைக் கொடுத்து, அவற்றைப் பகாக் காரணிகளாகப் பிரித்து, இரண்டையும் மீதமில்லாமல் வகுக்கக்கூடிய மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். பரீட்சையில் இருபதுக்கு நாலு வாங்கி வந்திருக்கிறாள். நான் எட்டாவதோடு நின்றவள். பக்கத்தில் போய் உட்கார்ந்தால், 'உனக்கு என்னம்மா தெரியும்? நீ போய் உன் வேலையைப் பாரு' என்கிறாள். அவள் அப்பாவோ, 'வராவிட்டால் விட்டுத் தள்ளு. பெண் பிள்ளைக்கு அவ்வளவு கணக்கு எதற்கு?' என்கிறார். எனக்கு விட்டுவிட மனசில்லை. ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் சமையலும் கோலமுந்தான். நான் என்ன செய்யட்டும், அக்கா?"

சகோதரி, உங்கள் கடிதத்தில் இரண்டு வாக்கியங்கள் என்னைப் பிடித்துக் கொண்டன. ஒன்று, உங்கள் வீட்டுக்காரர் சொன்னது. இன்னொன்று, நீங்கள் கடைசியில் சொன்னது.

முதலாவதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லி விடுகிறேன். 1965-ஆம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி சேலம் ஜில்லாவிலிருந்து பிரிந்து தனி ஜில்லாவானது தருமபுரி. 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் தமிழ்நாடு முழுவதிலும் நூற்றுக்கு எண்பது பேர் என்றால், தருமபுரியில் சுமார் அறுபத்தெட்டரைப் பேர்தான். மாநிலத்திலேயே கடைசி இடம். "பெண் பிள்ளைக்கு எதற்கு?" என்ற கேள்வி எத்தனை வீடுகளில் எத்தனை தலைமுறையாகக் கேட்கப்பட்டதோ! அதன் கூட்டுத் தொகை அல்லவா இது? இத்தனைக்கும் உங்கள் ஊர் பழைய தகடூர். கிடைத்தற்கரிய நெல்லிக்கனி ஒன்று கைக்கு வந்தபோது, அதைத் தான் தின்னாமல் ஒளவையிடம் கொடுத்தானே அதியமான், அவன் ஆண்ட ஊர். அறிவுடைய ஒரு பெண் நெடுங்காலம் வாழட்டும் என்று ஒரு மன்னன் நினைத்த மண்ணில் இருந்து கொண்டு, "பெண்ணுக்குக் கணக்கு எதற்கு?" என்று கேட்கலாமா? உங்கள் வீட்டுக்காரர் நல்ல மனநிலையில் இருக்கும் நேரம் பார்த்து இதைச் சொல்லிப் பாருங்கள்.

இரண்டாவது வாக்கியத்துக்கு வருவோம். "எனக்குத் தெரிந்ததெல்லாம் சமையலும் கோலமுந்தான்." கோலம் தெரியும் என்கிறீர்களே, அம்மா! அதற்கு மேல் என்ன வேண்டும்? உங்கள் மகளைப் பயமுறுத்துகிற அதே மீப்பெரு பொதுக் காரணி, தினமும் விடியற்காலையில் உங்கள் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறது. அதை அவளுக்கு எடுத்துக் காட்ட உங்களைவிடத் தகுதியானவர் யாரும் கிடையாது.

புள்ளி வைத்துப் பார்க்கலாம்

சிக்குக் கோலத்தைத்தான் சொல்கிறேன். சில ஊர்களில் கம்பிக் கோலம் என்பார்கள். சுழிக் கோலம் என்பாரும் உண்டு. புள்ளிகளைத் தொடாமல், அவற்றைச் சுற்றிச் சுற்றி இழை ஓடுமே, அந்தக் கோலம். இதில் நேர்ப்புள்ளி வைத்துக் கொள்ளுங்கள். இடைப்புள்ளி வேண்டாம். ஒரு புள்ளிக்கு நேர் கீழே இன்னொரு புள்ளி இருக்க வேண்டும்.

விதி மிகவும் எளிது. இழை எப்போதும் சாய்வாகவே போக வேண்டும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவில் உள்ள ஒவ்வொரு சந்திலும் இரண்டு இழைகள் ஒன்றையொன்று வெட்டிக் கொண்டு போக வேண்டும். ஓரத்துக்கு வந்தால் மட்டும் ஓரப் புள்ளியைச் சுற்றி வளைந்து உள்ளே திரும்பி விட வேண்டும். நடுவில் எங்கும் திரும்பக் கூடாது; எந்தச் சந்தையும் விடக் கூடாது.

இப்போது இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி வையுங்கள். ஏதாவது ஓர் ஓரத்தில் ஆரம்பித்து மாவை இழுத்துக் கொண்டே போனால், கோலம் முழுவதும் ஓடி, ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேர்ந்து விடுவீர்கள். ஒரே இழை! அடுத்தபடியாக இரண்டு வரிசை, வரிசைக்கு நாலு புள்ளி வையுங்கள். பாதிக் கோலத்திலேயே இழை ஆரம்பித்த இடத்துக்கு வந்து முடிந்து போகும். மிச்சத்துக்கு இன்னொரு இழை போட்டாக வேண்டும். மொத்தம் இரண்டு. மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி வைத்தால் மூன்று இழை. மூன்று வரிசை, வரிசைக்கு நாலு வைத்தால் மறுபடியும் ஒரே இழை!

இது என்ன விளையாட்டு? புள்ளி அதிகமானால் இழையும் அதிகமாக வேண்டாமோ? ஒன்பது புள்ளிக்கு மூன்று இழை கேட்ட கோலம், பன்னிரண்டு புள்ளிக்கு ஒரே இழையில் எப்படி அடங்கியது?

ரகசியம் இதுதான்: வரிசைகளின் எண்ணிக்கை ஒன்று, வரிசைக்கு உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்று, இந்த இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி எவ்வளவோ, அத்தனை இழைகள்தான் கோலத்தில் இருக்கும். கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. இரண்டுக்கும் நாலுக்கும் பொதுவான பெரிய எண் 2. மூன்றுக்கும் மூன்றுக்கும் 3. மூன்றுக்கும் நாலுக்கும் பொதுவாக வகுப்பது 1 மட்டுமே.

ஆகவே, கணக்குத் தெரிந்தவள் மாவைக் கையில் எடுப்பதற்கு முன்பே, "இந்தக் கோலம் இத்தனை இழையில் முடியும்" என்று ஜோசியம் சொல்லி விடலாம். பொய்க்காத ஜோசியம்! சின்ன எண்களுக்கு மனத்திலேயே பதில் வந்து விடும். பொங்கலன்று தெருவை அடைத்து 12 வரிசை, வரிசைக்கு 18 புள்ளி வைத்தால்? அங்கேதான் உங்கள் மகளின் பாடப் புஸ்தகம் உதவிக்கு வருகிறது.

பகா எண் என்றால் என்ன?

பெயரைக் கேட்டு மிரளாதீர்கள். 'பகு' என்றால் பங்கிடு. பகா எண் என்றால் பங்கிட முடியாத எண். தட்டில் ஏழு அதிரசம் இருக்கிறது. ஏழையும் ஒருவரே எடுத்துக் கொள்ளலாம். அல்லது ஏழு பேர் ஆளுக்கு ஒன்று எடுத்துக் கொள்ளலாம். இரண்டு பேருக்கோ, மூன்று பேருக்கோ உடைக்காமல் சமமாகக் கொடுக்க வழியே கிடையாது. ஆகையால் ஏழு பகா எண். ஆறு அதிரசம் அப்படியல்ல. இரண்டு பேருக்கும் கொடுக்கலாம், மூன்று பேருக்கும் கொடுக்கலாம். அது பகு எண்.

2, 3, 5, 7, 11, 13, 17, 19. இருபதுக்குள் இந்த எட்டும்தான் பகா எண்கள். இரட்டைப் படையில் 2 ஒன்றுதான் உண்டு. 1 இந்த வரிசையில் சேராது. அதனால் எத்தனை தடவை பெருக்கினாலும் எண் மாறுவதில்லையே! குழந்தைகள் ஏமாறுகிற எண்கள் சில உண்டு. 51-ஐப் பார்த்தால் பகா எண் போலவே இருக்கும். ஆனால் அது 3 × 17. 57 என்பது 3 × 19. 91 என்பது 7 × 13. இந்த மூன்றையும் சமையலறைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

எந்தப் பகு எண்ணை எடுத்துக் கொண்டாலும், அதைப் பகா எண்களின் பெருக்கலாகப் பிரித்து விடலாம். 72-ஐ 8 × 9 என்று பிரித்தாலும் சரி, 6 × 12 என்று பிரித்தாலும் சரி, மேலே மேலே பிரித்துக் கொண்டு போனால் கடைசியில் நிற்பவை மூன்று 2, இரண்டு 3. வேறு விதமாக ஆகவே ஆகாது. பள்ளிக்கூடத்தில் இதைக் கிளை கிளையாக வரைந்து காரணிச் செடி என்பார்கள். எந்தக் கிளை வழியாக இறங்கினாலும் வேர் ஒன்றுதான்.

நவராத்திரித் தாம்பூலம்

இந்தப் பிரிவினையை வைத்துக் கொண்டு மீப்பெரு பொதுக் காரணி கண்டுபிடிப்பது எப்படி? நவராத்திரிக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலம் கொடுக்க வேண்டும். வீட்டில் 72 வளையலும் 60 மஞ்சள் கிழங்கும் இருக்கின்றன. ஒன்றும் மிஞ்சக் கூடாது. ஒருவருக்கு அதிகம், ஒருவருக்குக் குறைவு என்ற பேச்சும் வரக் கூடாது. அதிகபட்சம் எத்தனை பேருக்குக் கொடுக்கலாம்?

72 = 2 × 2 × 2 × 3 × 3
60 = 2 × 2 × 3 × 5

இரண்டு பேரின் அஞ்சறைப் பெட்டிகளையும் திறந்து, இரண்டிலும் இருப்பதை மட்டும் எடுத்து வைப்பது போல் செய்ய வேண்டும். 72-இல் மூன்று 2 இருக்கிறது, 60-இல் இரண்டுதான். இரண்டிலும் இருப்பது இரண்டு 2. சரி, இரண்டை எடுத்து வையுங்கள். 72-இல் இரண்டு 3; 60-இல் ஒன்று. ஒன்றை எடுத்து வையுங்கள். 5 என்பது 60-இல் மட்டும் இருக்கிறது. அது வேண்டாம். எடுத்து வைத்தவை 2, 2, 3. பெருக்கினால் 12.

பன்னிரண்டு பேர். ஆளுக்கு 6 வளையல், 5 மஞ்சள். பெட்டியில் மிச்சம் ஒன்றுமில்லை.

குழந்தைகள் தப்புச் செய்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கண்ணில் பட்ட 2-களையெல்லாம் வாரி எடுத்துக் கொண்டு விடுகிறார்கள். இரண்டு பேரிடமும் இருந்தால்தான் பொது. ஒருத்தியிடம் மூன்றும், இன்னொருத்தியிடம் இரண்டும் இருந்தால் பொதுவாக உள்ளது இரண்டே. இதை அஞ்சறைப் பெட்டியை வைத்துக் கொண்டு ஒரு தடவை சொல்லுங்கள். கரும்பலகையில் பத்துத் தடவை சொன்னதற்குச் சமம்.

இந்தக் கணக்கில் இன்னொரு சுவாரசியம் உண்டு. கூடவே வெற்றிலையும் வைக்கலாம் என்று பார்த்தால், கட்டில் 90 வெற்றிலைதான் இருக்கிறது. 90 = 2 × 3 × 3 × 5. இப்போது மூன்று எண்களிலும் பொதுவாக இருப்பது ஒரு 2, ஒரு 3. ஆகப் பெருக்கல் 6. பன்னிரண்டு பேராக இருந்தது ஆறு பேராகக் குறைந்து போயிற்று! என்ன செய்யலாம்? கடைக்கு ஆள் அனுப்பி இன்னும் ஆறே ஆறு வெற்றிலை வாங்கி வரச் சொல்லுங்கள். 96 = 2 × 2 × 2 × 2 × 2 × 3. பொதுக் காரணி மறுபடியும் 12. ஆளுக்கு எட்டு வெற்றிலை. ஆறு வெற்றிலையில் இன்னும் ஆறு சுமங்கலிகளின் மனம் குளிர்ந்து விட்டது. கணக்கு வீட்டுக்கு உதவாது என்று யார் சொன்னது?

மறுபடியும் வாசலுக்கு வருவோம்

பொங்கல் கோலத்தைப் பாதியில் விட்டு வந்தோமே! 12 வரிசை, வரிசைக்கு 18 புள்ளி.

12 = 2 × 2 × 3
18 = 2 × 3 × 3

இரண்டிலும் இருப்பது ஒரு 2, ஒரு 3. ஆகவே 6. இருநூற்றுப் பதினாறு புள்ளிக் கோலம் ஆறு இழையில் முடியும். ஆறு கலர்ப் பொடி வாங்கி, இழைக்கு ஒரு கலராகப் போட்டால் தெருவே நின்று பார்க்கும்.

இன்னும் ஒன்று. 8 வரிசை, வரிசைக்கு 9 புள்ளி என்று வைத்துக் கொள்வோம்.

8 = 2 × 2 × 2
9 = 3 × 3

இங்கே பொதுவாக என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை. உடனே பல குழந்தைகள் விடை 0 என்று எழுதி விட்டுச் சிவப்பு மையில் பெருக்கல் குறி வாங்கிக் கொண்டு வருகின்றன. உங்கள் மகளும் அப்படி எழுதியிருந்தால், அவளை வாசலுக்கு அழைத்து வாருங்கள். "பூஜ்யம் என்றால் இழையே இல்லை என்று அர்த்தம். புள்ளி வைத்த கோலத்துக்கு இழை இல்லாமல் போகுமா, கண்ணு?" என்று கேளுங்கள். எழுபத்திரண்டு புள்ளியையும் ஒரே இழை சுற்றி வருவதை அவள் கண்ணாலேயே பார்க்கட்டும். ஒவ்வொரு எண்ணையும் 1 வகுக்கும் அல்லவா? பொதுப் பகா எண் ஒன்றும் இல்லை என்றால், விடை ஒன்று! இந்தச் சிலேடையைச் சொல்லி வைத்தால் ஆயுசுக்கும் மறக்காது.

ஒரே இழையில் முடிகிற கோலத்துக்கு நம் வீடுகளில் எப்போதும் தனி மதிப்பு உண்டு. அதற்கு வழியும் இப்போது தெரிந்து விட்டது: ஒரு பகா எண்கூடப் பொதுவாக இல்லாத இரண்டு எண்களைப் பார்த்துப் புள்ளி வையுங்கள். அடுத்தடுத்த எண்களாக இருந்தால் கேட்கவே வேண்டாம். நாலும் ஐந்தும், ஏழும் எட்டும், பதினாலும் பதினைந்தும் எல்லாம் ஒரே இழைதான்.

இரண்டு இழை வருகிற கோலத்தை ஒன்றாக்க வேண்டுமா? அதற்கும் யுக்தி இருக்கிறது. இரண்டு வெவ்வேறு இழைகள் வெட்டிக் கொள்கிற சந்து ஒன்றைத் தேடுங்கள். அங்கே வெட்ட விடாமல், இரண்டையும் வளைத்து ஒன்றுக்கொன்று முதுகு காட்டித் திரும்பும்படி விடுங்கள். இரண்டு இழையும் ஒன்றாகி விடும். ஆறு இழையாக இருந்தால் இப்படி ஐந்து இடத்தில் செய்ய வேண்டும். கோலத்தின் சமச்சீர் கெடாமல் எந்தச் சந்துகளை மாற்றுவது என்பதுதான் கைதேர்ந்தவர்களின் சாமர்த்தியம்.

ஏன் அப்படி?

சாமர்த்தியமுள்ள குழந்தை இந்த இடத்தில் "ஏன்?" என்று கேட்கும். கேட்டால் சந்தோஷப்படுங்கள். பதிலும் கஷ்டமில்லை.

நாலு வரிசை, வரிசைக்கு ஆறு புள்ளிக் கோலத்தைப் பாருங்கள். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் நாலு சின்னச் சாய்கோடுகள் இருக்கும். 24 புள்ளிகள், ஆக மொத்தம் 96 சின்னக் கோடுகள்.

இப்போது ஓர் எறும்பு இழையின் மேல் நடந்து போகிறது. ஒரு புள்ளியின் அகலத்தைக் கடக்க இரண்டு கோடு நடக்க வேண்டும். ஆறு புள்ளி அகலத்தைப் போய்த் திரும்ப 24 கோடு. அதே சமயம் அது மேலும் கீழுமாகவும் போய்க் கொண்டிருக்கிறது அல்லவா? நாலு புள்ளி உயரத்தை இறங்கி ஏற 16 கோடு. 24 கோட்டுக்கு ஒரு தடவை அது பக்கவாட்டில் பழைய நிலைக்கு வருகிறது. 16 கோட்டுக்கு ஒரு தடவை மேல் கீழாகப் பழைய நிலைக்கு வருகிறது. இரண்டும் ஒரே சமயத்தில் கூடி வந்தால்தான் புறப்பட்ட இடத்தை அடைய முடியும். அது 48-ஆவது கோட்டில். ஆக, ஓர் இழைக்கு 48 கோடு. மொத்தக் கோடு 96. எனவே இரண்டு இழை. 4-க்கும் 6-க்கும் மீப்பெரு பொதுக் காரணியும் 2-தான்!

மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து புள்ளிக்கும் இப்படியே பாருங்கள். போய்த் திரும்ப 20. இறங்கி ஏற 12. இரண்டும் கூடுவது 60-இல். மொத்தக் கோடும் 15 × 4 = 60. ஒரே இழையில் கோலம் தீர்ந்து போயிற்று. இரண்டும் கூடி வருகிற இடத்தைக் கண்டுபிடிப்பதற்கு மீச்சிறு பொது மடங்கு என்று பெயர். அதுவும் அதே பாடத்தில் வருகிறது. அக்கா தங்கை போன்ற இரண்டு கணக்குகளும் ஒரே கோலத்தில் இருக்கின்றன.

பெரியவர்கள் பார்த்த கோலம்

இதெல்லாம் பொழுதுபோக்கு வேடிக்கை என்று நினைத்து விடாதீர்கள். சென்னை தாம்பரத்தில் உள்ள கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோன்மணி, அவர் மனைவி ராணி சிரோன்மணி ஆகிய இருவரும், கமலா கிருத்திவாசனும் சேர்ந்து, 1974-இல் கோலங்களைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு மொழிக்கு இலக்கணம் இருப்பது போலக் கோலத்துக்கும் இலக்கணம் உண்டு என்று காட்டிய கட்டுரை அது. கம்ப்யூட்டர் சாஸ்திரத்தில் படங்களை விவரிக்கும் முறைகளுக்கு நம் வாசற்கோலம் உதாரணமாயிற்று! மூவரில் இருவர் பெண்கள் என்பதை உங்கள் மகளிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஆப்பிரிக்காவில் அங்கோலா நாட்டில் சோக்வே என்ற மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் மணலில் விரலால் புள்ளி வைத்து, அவற்றைச் சுற்றி இழை ஓட்டிப் படம் போடுவார்கள். அதற்குச் சோனா என்று பெயர். அங்கே போடுகிறவர்கள் ஆண்கள்! கதை சொல்லிக் கொண்டே போடுவார்களாம். மொசாம்பிக் நாட்டில் கணிதப் பேராசிரியராக இருந்த பாவ்லுஸ் கெர்டெஸ் (1952-2014) அந்தச் சோனாக்களையும் ஆராய்ந்தார்; நம் தமிழ்நாட்டுக் கோலங்களையும் ஆராய்ந்தார். பாய் முடைவது போன்ற எளிய பின்னலில், இழைகளின் எண்ணிக்கை மீப்பெரு பொதுக் காரணிக்குச் சமம் என்ற விதி அங்கேயும் அப்படியே செல்லுபடியாகிறது. கடல் கடந்தாலும் கணக்கு மாறுவதில்லை.

எண்கள் மிகவும் பெரிதாகிப் போனால் இந்தப் பகாக் காரணி முறை கொஞ்சம் திணறும். 391, 299 என்று கொடுத்தால், எதனால் வகுபடும் என்று தேடவே பொழுது போய் விடும். அதற்கு, சுமார் கி.மு. 300-இல் கிரேக்க நாட்டு யூக்ளிட் எழுதி வைத்த வழி ஒன்று உண்டு. பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துக் கொண்டே போக வேண்டியதுதான். 391-இல் 299 போனால் 92. 299-இல் மூன்று தடவை 92 போனால் 23. 92-இல் நாலு தடவை 23 போனால் மிச்சமில்லை. விடை 23. நம் ஆரியபடரும் கி.பி. 499-இல் எழுதிய நூலில், இப்படி மாறி மாறி வகுத்துக் கொண்டு போகும் முறையைக் குட்டகம் என்ற கணக்குக்குப் பயன்படுத்தியிருக்கிறார்.

பெரிய எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிப்பது கஷ்டம் என்கிற இந்தக் குறையே இன்று பெரிய உபகாரமாகவும் ஆகியிருக்கிறது. 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் என்ற மூவர் அதை வைத்தே ரகசியச் செய்திகளுக்கு ஒரு பூட்டுச் செய்தார்கள். இரண்டு பிரம்மாண்டமான பகா எண்களைப் பெருக்குவது சுலபம்; பெருக்கி வந்ததைப் பிரிப்பது மகா கஷ்டம். இணையத்தில் பணமும் செய்தியும் பத்திரமாகப் போய்ச் சேர உதவும் பூட்டுகளில் அதுவும் ஒன்று. உங்கள் மகளை அழ வைத்த பாடத்துக்கு உலகத்தில் எவ்வளவு மதிப்பு, பாருங்கள்!

செய்ய வேண்டியது

சகோதரி, உங்களுக்கு ஒரு வாரத் திட்டம் தருகிறேன். முதல் இரண்டு நாள் புஸ்தகத்தைத் தொடவே வேண்டாம். விடியற்காலையில் அவளை எழுப்பி வாசலுக்குக் கூட்டி வாருங்கள். இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று. இரண்டு வரிசை, வரிசைக்கு நாலு. மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று. மாவு அவள் கையில் இருக்கட்டும். இழைகளை அவளே எண்ணட்டும். விதியை நீங்கள் சொல்லி விடாதீர்கள். அவளாகக் கண்டுபிடித்தால்தான் அது அவளுடைய சொத்து.

மூன்றாம் நாள் பந்தயம் வையுங்கள். நாலு வரிசை, வரிசைக்கு ஆறு புள்ளி வைத்து விட்டு, "இது எத்தனை இழையில் முடியும், சொல்லு பார்க்கலாம்" என்று கேளுங்கள். அவள் ஊகிக்கட்டும். நீங்கள் 2 என்று சொல்லி விட்டுப் போட்டுக் காட்டுங்கள். "எப்படியம்மா தெரிந்தது?" என்று கேட்பாள். "உன் புஸ்தகத்தில்தான் இருக்கிறது, எடுத்து வா" என்று சொல்லுங்கள். அதன் பிறகு அஞ்சறைப் பெட்டி, 72 வளையல், 60 மஞ்சள் எல்லாம் ஒவ்வொன்றாக வரட்டும். அப்புறம் பெரிய எண்களை அவள் கொடுக்கட்டும்; இருவரும் தனித்தனியாகக் காகிதத்தில் பிரித்துப் பார்த்து விடையை ஒத்துப் பாருங்கள். எட்டாவது வரை படித்த உங்களுக்கு இது தாராளமாக வரும்.

பரீட்சையில் அவள் எத்தனை மார்க் வாங்குவாள் என்று நான் ஜோசியம் சொல்லப் போவதில்லை. கோலத்துக்குத்தான் அது பலிக்கும், குழந்தைகளுக்குப் பலிக்காது. ஆனால் "உனக்கு என்னம்மா தெரியும்?" என்ற கேள்வியை அவள் மறுபடியும் கேட்க மாட்டாள் என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

அந்தச் சிறுமிக்கும், இதைப் படிக்கும் மற்ற வீட்டுக் குழந்தைகளுக்கும் ஒரு புதிர் வைத்து முடிக்கிறேன். 20 வரிசை, வரிசைக்கு 27 புள்ளி வைத்து ஒரு கோலம். 20 வரிசை, வரிசைக்கு 28 புள்ளி வைத்து இன்னொரு கோலம். ஒவ்வொன்றும் எத்தனை இழையில் முடியும்? கோலம் போட்டுப் பார்க்காமல், காகிதத்தில் பகாக் காரணிகளாகப் பிரித்தே சொல்ல வேண்டும். விடை சரிதானா என்று சந்தேகம் வந்தால் யாரையும் கேட்க வேண்டாம். வாசலும் இருக்கிறது, அரிசி மாவும் இருக்கிறது.